குழு எங்களைத் தேடி வரட்டும்: குமரி மாவட்ட உழைக்கும் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சமூக நலத்துறை மற்றும் தொழிலாளர் துறை அலுவலர்கள், முந்திரி ஆலை, ரப்பர் தோட்டம், துணிக்கடை, மருத்துவமனை, கல்லூரி நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள், ஊர்க் கமிட்டிகள், பங்குப் பேரவைகள், ஜமாத்துகள்.

அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பின் தோலை உரிப்பவர்கள் நாங்கள். கீரிப்பாறையிலும் மணலோடையிலும் இருட்டு விலகும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் மீன் எடுத்து ஊர் ஊராகச் சுமந்து விற்பவர்கள். தோவாளையில் பூக் கட்டுபவர்கள், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் துணிக்கடையில் நிற்பவர்கள், இரவுப் பணி பார்க்கும் செவிலியர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பிறர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள். எங்களில் கல்லூரி முடித்தவர்களும் உண்டு, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களும் உண்டு. வேலை செய்யும் இடத்திலும், போகும் வழியிலும், திரும்பும் பேருந்திலும் எங்கள் உடம்பைப் பற்றி யாரோ ஒருவர் உரிமையோடு பேசுவதை, தொடுவதை, மிரட்டுவதை நாங்கள் எல்லோருமே சந்தித்திருக்கிறோம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1992இல் ராஜஸ்தானின் படேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசின் கிராமப் பணியாளர் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து விசாகா வழக்கு பிறந்தது. 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளைத் தந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து அது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாகி, 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே புதிய சட்டம் எதையும் இந்தச் சாசனத்தில் நாங்கள் முதலில் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்துக்கும் நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் தூரத்தைக் குறைக்கச் சொல்கிறோம். அந்தத் தூரத்தை நடந்து கடக்க வேண்டியவர்கள் நாங்களல்ல, அரசும் முதலாளிகளும்தான் என்கிறோம்.

இந்த மண்ணில் நடந்தவை

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்று வீடு திரும்ப வந்த ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு ஒதுங்கிப் போகவில்லை. அங்கேயே நின்று உரத்த குரலில் நியாயம் கேட்டார். அந்தக் குரல் யாரோ ஒருவரின் கைபேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சில நாள்களுக்குள் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தைப் பேருந்திலிருந்து இறக்கி, அவர்களுடைய பொருள்களை வெளியே எறிந்த காட்சியும் வந்தது. அதிலும் நடவடிக்கை வந்தது. இரண்டு நிகழ்விலும் முதலில் புகாரை ஏற்றது அலுவலகம் அல்ல, படம் பிடித்த கைபேசி என்பதை மறக்கக் கூடாது. கேமரா இல்லாத ரப்பர் காட்டிலும், வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலையிலும் நடப்பதற்கு எந்தக் காட்சியும் இல்லை.

2023 அக்டோபரில் குலசேகரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தில் பேராசிரியர் ஒருவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டும், மேல்வகுப்பு மாணவர்கள் இருவர் மீது மனத்துன்பம் தந்த குற்றச்சாட்டும் இருந்தன. பேராசிரியர் கைது செய்யப்பட்டார், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். எங்கள் நெஞ்சை அறுப்பது வேறொன்று. மருத்துவம் முடித்து, மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணால் தன் குறையைச் சொல்ல ஒரு கடிதத்தைத்தான் நம்ப முடிந்தது. அதையும் தான் இல்லாமல் போன பிறகு படிக்கும்படி எழுத வேண்டியிருந்தது. படிப்பு இருந்தால் பெண் தன்னைக் காத்துக்கொள்வாள் என்று எழுத்தறிவில் பெருமைப்படும் இந்த மாவட்டத்தில் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இந்த மண்ணுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கல்குளத்திலும் இரணியலிலும், மார்பை மறைக்கும் உரிமை மறுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை அணிந்து சந்தைக்குப் போனபோது, அவர்களின் மேலாடை பொது இடத்தில் கிழிக்கப்பட்டது. சந்தை அவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல, பிழைப்பு நடத்தும் இடம். கிழித்தவர்களுக்கு வழக்கம் துணை நின்றது. 1829இல் அரசாணையே அப்பெண்களுக்கு எதிராக வந்தது. அப்படியும் அவர்கள் சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை, துணியையும் கீழே போடவில்லை. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு உரிமையை எழுத்தில் தந்தபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தந்தது. 2023 மார்ச் 6இல் தமிழ்நாட்டு முதலமைச்சரும் கேரள முதலமைச்சரும் நாகர்கோவில் மேடையில் நின்று அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். கொண்டாடியது சரி. அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று சந்தையில் என்ன கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் அந்த மேடை கேட்டிருக்கலாம்.

எது துன்புறுத்தல்

"சும்மா ஒரு தமாசுக்குச் சொன்னேன்" என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்டிருக்கும் விளக்கம். அதனால் எது தமாசு இல்லை என்பதை எங்கள் வேலையின் வழியாகவே எழுதுகிறோம்.

அண்டி ஆபீசில் கூலி என்பது எடை. உடைசல் கூடினால் காசு குறையும். எது முழுப் பருப்பு, எது உடைசல், தராசு எங்கே நின்றது என்று சொல்லும் அதிகாரம் ஓர் ஆள் கையில் இருக்கிறது. அவர் சிரித்துப் பேசுகிறவளின் பருப்பில் உடைசல் தெரியாது. முகம் திருப்பியவளின் பருப்பில் எல்லாமே உடைசலாகத் தெரியும். இதில் யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இணங்கினால் சலுகை, மறுத்தால் வேலைக்குக் கேடு என்று நேராகவோ மறைமுகமாகவோ உணர்த்துவது துன்புறுத்தல். கூலியைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் பாதித் துன்புறுத்தலும் நடக்கிறது என்பது எங்கள் அனுபவம். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு, துணிக்கடையில் விடுப்பு, மருத்துவமனையில் இரவுப் பணிப் பட்டியல், கல்லூரியில் செய்முறை மதிப்பெண். தராசின் வடிவம் மாறுகிறது, அதைப் பிடித்திருக்கும் கை மாறுவதில்லை.

ரப்பர் காட்டில் நிலைமை வேறு. ஆளுக்கு ஒரு பகுதி மரங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்காது. அங்கே ஒருவர் காரணமில்லாமல் பின்னால் வந்து நிற்பதே போதும், ஒரு பெண் அந்த வேலையை விட்டுவிட. "ஒன்றும் செய்யவில்லையே" என்று அவர் சொல்லலாம். தனிமையைப் பயன்படுத்தி அச்சுறுத்துவதும் ஒரு செயல்தான்.

வேலை கற்றுத்தருகிறேன் என்று கையைப் பிடிப்பது, தோளில் சாய்வது, வழியை மறித்து நெருக்கிப் போவது. உடம்பையும் உடுப்பையும் பற்றிய பேச்சு. இரவில் வரும் செய்திகள், படங்கள், மறுநாள் "பார்த்தியா?" என்ற கேள்வி. எல்லோரும் போன பிறகு கணக்கு முடிக்க ஒருத்தியை மட்டும் நிறுத்துவது. கைம்பெண்ணையும் கணவரைப் பிரிந்தவளையும் கேட்பாரற்றவள் என்று நினைத்துப் பேசுவது. கழிவறைக்குப் போக அனுமதி கேட்கும்போது பத்துப் பேர் முன்னால் கேட்கும் கேள்விகள். சாதியைச் சொல்லி, மீன் நாற்றத்தைச் சொல்லி, கறுப்பைச் சொல்லி இழிப்பது. இவற்றில் சில பாலியல் துன்புறுத்தல், சில வேறு வகை அவமதிப்பு. உடம்பின் மேல் விழும்போது இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன. 2019இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 190ஆம் உடன்படிக்கை இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லின் கீழ், பணியிட வன்முறை மற்றும் துன்புறுத்தல் என்று கொண்டுவந்தது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி தரவில்லை. தர வேண்டும் என்று இம்மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் எழுந்து கேட்க வேண்டும்.

எது துன்புறுத்தல் என்பதைச் செய்தவரின் நோக்கத்தை வைத்து அளக்கக் கூடாது, அது அந்தப் பெண்ணுக்கு விருப்பமற்றதா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. சிரித்தாள் என்பதும், பேசாமல் இருந்தாள் என்பதும், அடுத்த நாளும் வேலைக்கு வந்தாள் என்பதும் விருப்பம் ஆகாது. அடுத்த நாள் வேலைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது.

கோரிக்கைகள்

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்திலும், முதலாளியே குற்றம் செய்தாலும், வீட்டு வேலையிலும், புகாரைக் கேட்க வேண்டியது மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார் குழு. எங்களில் பெரும்பாலோருக்கு அதுதான் ஒரே வாசல். அந்த வாசல் நாகர்கோவிலில் இருக்கிறது. மலைமேல் உள்ள கோதையாற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து போவது என்றால் ஒரு நாள் கூலி போகும். எங்கே போனாய் என்று வீட்டிலும் தோட்டத்திலும் பதில் சொல்ல வேண்டும். எனவே குழு மாதம் ஒரு முறையாவது வெளியே வந்து அமர வேண்டும் என்று கோருகிறோம். ஒரு மாதம் குலசேகரம், ஒரு மாதம் குளச்சல், ஒரு மாதம் மார்த்தாண்டம், ஒரு மாதம் தோவாளை. வேலை முடியும் நேரத்தில், பெண்கள் வேறு காரணத்துக்காகவும் வந்து போகிற கட்டடத்தில், சுகாதார நிலையத்திலோ ரேஷன் கடைக்குப் பக்கத்திலோ அமர வேண்டும். "புகார் கொடுக்கப் போகிறாள்" என்று ஊரே பார்க்கும் வாசல் எங்களுக்கு வேண்டாம்.

அந்தக் குழுவில் ஓர் இடம் எங்களுடையது. மாவட்டத்தின் ஒன்றியத்திலோ வட்டத்திலோ நகராட்சியிலோ உழைக்கும் பெண்களிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலியில் அண்டி ஆபீஸ் தொழிலாளியோ, பால் வெட்டும் பெண்ணோ, மீன் விற்பவரோ அமர வேண்டும். அமரும் நாளுக்கான கூலியும் பயணச் செலவும் அவருக்கு அன்றே தரப்பட வேண்டும். தராசு எப்படிச் சாயும் என்று அறிந்த ஒருத்தி அங்கே இருந்தால், எங்கள் கதையைத் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

புகாரைப் பெற்று ஏழு நாள்களுக்குள் குழுவுக்கு அனுப்ப ஒவ்வொரு ஒன்றியத்திலும், வட்டத்திலும், நகராட்சியிலும் ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கெல்லாம் கெடு வைத்து உத்தரவிட்டது. அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை ஒன்பது ஒன்றியங்கள், ஆறு வட்டங்கள், நாகர்கோவில் மாநகராட்சி, நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் உரிய அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒன்றிய அலுவலகச் சுவரில் மட்டும் இருந்தால் போதாது. வடசேரி, அண்ணா, குளச்சல், மார்த்தாண்டம், தக்கலை பேருந்து நிலையங்களில், சந்தைகளில், துறைமுகத்து ஏலக் கூடங்களில், தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண்களும் எங்களோடு வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மொழி தெரியாது என்பது தவறு செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

புகாரை ஆறு பிரதிகளாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. மலைமேல் உள்ள ஒரு பெண், தனக்கு நேர்ந்ததை எழுதிய தாளை நகல் எடுக்கும் கடையில் நீட்டி ஆறு பிரதி கேட்க வேண்டும் என்பதை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கடைக்காரர் அவளுடைய பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். வாயால் சொன்னதைத் தொடர்பு அலுவலரே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, பிரதிகளை அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும். எழுத முடியாதவளுக்கு எழுத உதவ வேண்டும் என்பது சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்ற வரம்பைக் காரணம் எழுதி மேலும் மூன்று மாதம் நீட்டிக்கும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு. அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அச்சமும் ஒரு காரணம் என்று எழுதுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். இல்லாவிட்டால் ரூ.50,000 அபராதம், மறுபடியும் தவறினால் உரிமமே போகலாம். காகிதத்தில் குழு இருக்கும் இடங்களிலும் உறுப்பினர் யார் என்று தொழிலாளிக்குத் தெரிவதில்லை. சில இடங்களில் தான் உறுப்பினர் என்பது உறுப்பினருக்கே தெரியாது. தொழிலாளர் துறையும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் ஆய்வுக்கு வரும்போது பதிவேட்டை மட்டும் பார்க்க வேண்டாம்; வேலை செய்யும் ஐந்து பெண்களை மேற்பார்வையாளர் இல்லாமல் தனியே அழைத்து, "யாரிடம் புகார் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்களால் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அங்கே குழு இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளி உறுப்பினர் முதலாளியின் கணக்கரோ குடும்ப நண்பரோ ஆகக் கூடாது. திருச்சபைகளும் கோயில் நிர்வாகங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளுக்கும் இதில் விலக்கு இல்லை.

புகார் தந்தவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம் என்கிறது சட்டம். எடைக்குக் கூலி வாங்குகிறவளுக்கு விடுப்பு என்றால் பட்டினி. விசாரணை முடியும்வரை அவளுடைய முந்தைய மூன்று மாதச் சராசரிக் கூலியை நிர்வாகம் தர வேண்டும். இல்லாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவரை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும். இடம் மாற வேண்டியவள் எப்போதும் புகார் சொன்னவள்தான் என்ற வழக்கம் நிற்க வேண்டும். வேலைக்கு ஆள் குறைக்கிறோம் என்று இரண்டு வாரம் கழித்து அவளை நிறுத்துவதைப் பழிவாங்கலாகவே கருத வேண்டும்.

"பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று வருகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஊர்க் கமிட்டி கூடும், பெரியவர்கள் உட்காருவார்கள், ஒரு தொகை பேசப்படும், பெண்ணின் தகப்பன் தலைகுனிந்து வாங்கிக்கொள்வார். சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண் தானே கேட்டால் மட்டுமே அதற்கு இடம் உண்டு. பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் கூடவே கூடாது என்பது சட்டத்தின் பத்தாம் பிரிவு. ஊர்க் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் ஜமாத்துகளும் இனி இத்தகைய வழக்கைத் தொடமாட்டோம், அந்தப் பெண்ணைக் குழுவிடம் அழைத்துப் போவோம் என்று எழுத்தில் அறிவிக்கக் கோருகிறோம்.

பொய்ப் புகார் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கூட்டங்களில் ஆண்கள் முதலில் எழுந்து கேட்பது இதைத்தான். தெரிந்தே பொய் சொன்னால் தண்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்பதும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. அறிவிப்புப் பலகைகளில் முதல் பாதியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு எங்களை மிரட்ட வேண்டாம்.

துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும்: உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. இருக்கை போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைப்பதும் துன்புறுத்தல். வாடிக்கையாளர் தவறாக நடந்தால் "விடு, பெரிய பில் போடுகிறவர்" என்று சொல்லாதீர்கள். வேலையிடத்துக்கு வரும் வெளியாளிடமிருந்தும் ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை.

போக்குவரத்துக் கழகம், மீன் விற்கும் பெண்கள் கூடையோடு ஏறும் நேரங்களில் கூடை வைக்க இடமுள்ள பேருந்துகளைக் கரையோர வழித்தடங்களில் விட வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தைச் சொல்லிக் காட்டி இழிவாகப் பேசும் பணியாளர் மீது, காணொளி இல்லாமலேயே நடவடிக்கை எடுக்கப் பயணி சொன்ன சொல் போதுமானதாக இருக்க வேண்டும்.

விளவங்கோடு, கிள்ளியூர் பெண்கள் பலர் எல்லை தாண்டிப் பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே நடந்ததற்கு அங்கேதான் புகார் தர வேண்டும் என்பது உண்மை. நமது தொடர்பு அலுவலர் அதை இங்கே வாங்கி, கேரளத்துக் குழுவுக்கு அனுப்பி, ரசீது பெற்றுத் தர வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பாடம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தச் சாவை மறக்க விடவில்லை. 2022 ஏப்ரலில் சங்கமும் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. அங்கே துணி வாங்கும் எச் அண்டு எம், கேப் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று, நடப்பதைக் கண்ட இடத்திலேயே எடுத்துச் சொன்னார்கள். மேற்பார்வையாளரின் கோபத்துக்கு அஞ்சாமல் சொல்ல அவர்களுக்கு ஒப்பந்தமே காப்பாக இருந்தது.

குமரியின் முந்திரிப் பருப்பும் கடல் கடந்து விற்கிறது. திண்டுக்கல்லில் முடிந்தது கருங்கலிலும் மார்த்தாண்டத்திலும் ஏன் முடியாது? முந்திரி ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் இதே வடிவில் ஓர் ஒப்பந்தம் பேச உட்கார வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களிடம் தனியாக ஒன்று: போனஸ் பேச்சுவார்த்தையில் எங்களை முன்வரிசையில் நிறுத்துகிறீர்கள். துன்புறுத்திய ஆள் உங்கள் சங்கத்தின் உறுப்பினராக இருக்கும்போதும் எங்கள் பக்கம் நில்லுங்கள். அரசு ரப்பர் கழகம் அரசே முதலாளியாக இருக்கும் இடம். அங்கே இந்த முறையைத் தொடங்கக் கையெழுத்துக்கு அலைய வேண்டியதில்லை.

காவல் துறையிடம்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 74 முதல் 79 வரையிலான பிரிவுகள் தொடுதல், பாலியல் துன்புறுத்தல், ஆடை களைதல், ஒளிந்து பார்த்தல், பின்தொடர்தல், சொல்லாலும் சைகையாலும் அவமதித்தல் எல்லாவற்றையும் குற்றமாக்குகின்றன. பொது இடத்தில் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க, சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் சாவுக்குப் பின் 1998இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் காவல் நிலையத்தில் எங்களிடம் முதலில் கேட்கப்படுவது "நீ எதுக்கு அங்க ஒத்தைக்குப் போன?" என்பதுதான். இந்தக் கேள்வியை விசாரணையிலிருந்து நீக்குங்கள். சம்பவம் நடந்த இடம் எங்கள் நிலைய எல்லைக்குள் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம்.

நாகர்கோவிலில் 2020இல் வெளிவந்த ஒரு வழக்கில், சமூக வலைத்தளம் வழியே பழகி, படங்களை வைத்து மிரட்டிப் பல பெண்களைச் சீரழித்தவனுக்கு 2023 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு பெண் துணிந்து புகார் தந்த பிறகுதான் மற்றவர்களால் பேச முடிந்தது. படத்தை வைத்து மிரட்டினால் 1930க்கும், அவசரத்துக்கு 112க்கும், பெண்கள் உதவிக்கு 181க்கும் அழைக்கலாம் என்று பள்ளி, கல்லூரி, குழுக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வேலைக்குச் சேரும் பையன்களும் திருநங்கையரும் இதே துன்பத்தைப் படுகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை மட்டுமே சொல்கிறது. திருநர் உரிமைச் சட்டம் 2019இல் தண்டனை இருக்கிறது, கேட்கும் குழு இல்லை. உள்ளகக் குழுக்கள் அவர்களுடைய புகாரையும் கேட்கும் என்று ஒவ்வொரு நிர்வாகமும் தன் பணி விதிகளில் எழுதலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எங்களுக்குள் நாங்கள்

கேட்பதோடு நிற்க மாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு உரிப்பவள் நடுங்கிய குரலில் சொன்னால், "விட்டுத் தள்ளு மக்களே, வெளிய தெரிஞ்சா நமக்குத்தான கேவலம்" என்று இனி சொல்ல மாட்டோம். எங்கள் தாய்மார் எங்களைக் காக்கவே அப்படிச் சொன்னார்கள். அது காக்கவில்லை. நாளும் நேரமும் இடமும் அருகில் இருந்தவர் பெயரும் அன்றே எழுதி வைக்க உதவுவோம். கைபேசிச் செய்தியை வெட்கத்தில் அழிக்க விட மாட்டோம். கண்டதைக் கண்டேன் என்று விசாரணையில் சொல்வோம். ஒருத்தியைத் தனியே நிறுத்தினால் இன்னொருத்தியும் கூட நிற்போம். புகார் சொன்னவளின் பெயரைக் கிணற்றடியில் பேச மாட்டோம். பெயரை வெளியிடுவதைச் சட்டமும் தடை செய்கிறது. எங்கள் வீட்டு ஆண்களிடமும் இதைப் பேசுவோம், ஏனென்றால் வேறெங்கோ ஒரு தராசின் பக்கத்தில் அவர்களும் நிற்கிறார்கள்.

ஒரு புகாரை விசாரித்து முடிக்கச் சட்டம் குழுவுக்குத் தொண்ணூறு நாள் தருகிறது. இந்தச் சாசனத்துக்குப் பதில் தர மாவட்ட நிர்வாகத்துக்கு அதே தொண்ணூறு நாளை நாங்களும் தருகிறோம். அது முடிந்து வரும் முதல் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில், வேலைக்குப் போகும் உடுப்போடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவோம். அன்று எங்களுக்குத் தர வேண்டியவை: தொடர்பு அலுவலர்களின் பெயர்ப் பட்டியல், உள்ளகக் குழு அமைத்த நிறுவனங்களின் பட்டியல், அமைக்காதவற்றுக்கு அனுப்பிய நோட்டீசுகளின் எண்ணிக்கை, உள்ளூர்க் குழுவுக்கு ஓராண்டில் வந்த புகார்களும் முடிந்தவையும் பற்றிய அறிக்கை, குலசேகரத்தில் குழு முதன்முதலாக அமரப்போகும் தேதி.